லேசா ஆடுச்சே, உங்களுக்கும் தெரிஞ்சுதா?

அரைத்தூக்கம்:
ராத்திரி ரெண்டு மணி வாக்குல முழிப்பு தட்டிருச்சு. எதுக்கு முழிச்சோம்னே புரியல, அப்பதான் பீரோ மேல இருந்த கண்ணாடி டம்ளர் ரெண்டும் உரசி கிணிகிணின்னு சத்தம், கதவு தாப்பாள் டக்குனு ஒரு தட்டு, அடுத்து யாரோ கட்டில்கால உதைச்ச மாதிரி ஒரே ஒரு தூக்கிப்போடல். மொத்தமே நாலஞ்சு செகண்ட் இருந்தா பெருசு. பக்கத்துல வீட்டுக்காரர் குறட்டை. எழுப்பி சொன்னா "கனவு கண்டிருப்ப, படு"ன்னு திரும்பிப் படுத்துட்டார். போனை எடுத்து தேடுறேன் தேடுறேன் ஒண்ணும் காணோம், கொஞ்ச நேரம் கழிச்சு ரிக்டர் 3.4, 15 கிலோமீட்டர் தூரத்துலன்னு வந்துச்சு. நம்புவீங்களா, அதைப் பாத்ததும் பயத்தை விட சந்தோஷம்தான் ஜாஸ்தி, அப்பாடா எனக்கு ஒண்ணும் ஆகலன்னு.

ரெண்டு சந்தேகம். ஒரே கட்டில்ல படுத்திருந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மட்டும் எப்படி தெரியுது? அப்புறம், ஆபீஸ்ல பாதி பேர் "பிரஷர் எல்லாம் ரிலீஸ் ஆயிருச்சு, இனி பெருசு வராது"ங்கறாங்க, மீதி பேர் "இது ட்ரெய்லர்தான், மெயின் பிக்சர் இனிமே"ங்கறாங்க. எது நிஜம்?

மெல்லிசை77:
எனக்கு இந்த மாதிரி எப்ப நடந்தாலும் மேல்வீட்டுக்காரங்க கட்டில நகத்துறாங்கன்னுதான் முதல்ல தோணும். அப்புறம் வாஷிங் மெஷின். அப்புறம் பிபி. நில அதிர்வுங்கறது நாலாவதாதான் ஞாபகத்துக்கு வரும், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்.

பாறைப்பித்தன்:
அரைத்தூக்கம், உங்க பதிவுலயே பாதி விடை இருக்கு. முதல்ல டம்ளர், தாப்பாள், அப்புறம்தான் உதை, இதானே வரிசை? முதல்ல வந்தது பி அலை, மேல்பாறைக்குள்ள செகண்டுக்கு ஆறு கிலோமீட்டர் கிட்ட ஓடுறது, சின்னதா வேகமா நடுங்க வைக்கும், லேசான சாமான்தான் அதுக்கு பேசும். பின்னாடி வர்றது எஸ் அலை, வேகம் மூணரை கிலோமீட்டர்தான் ஆனா ஆட்டம் பெருசு, உங்க கட்டிலை உதைச்சது அவரு. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை செகண்ட்னு எண்ணி எட்டால பெருக்கினா அது நடந்த இடம் எத்தனை கிலோமீட்டர்னு தோராயமா வந்துரும். 15 கிலோமீட்டர்னா ரெண்டு செகண்ட் இடைவெளி, உங்க விவரிப்பு கச்சிதமா பொருந்துது, அதனால கனவு இல்லன்னு வீட்டுக்காரர்கிட்ட தைரியமா சொல்லலாம்.

இன்னொரு விஷயம், ரிக்டர் நம்பர் சொல்றது பூமிக்குள்ள பாறை எவ்வளவு பெருசா உடைஞ்சுச்சுங்கறதை, நீங்க நிக்கிற இடத்துல எவ்வளவு ஆடுச்சுங்கறதை இல்ல. அதுக்கு தனியா மெர்காலி அளவுகோல் இருக்கு, ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும். 1902ல இத்தாலிக்காரர் மெர்காலி போட்டது, 1931ல அமெரிக்காவுல திருத்தினாங்க. அதுல கீழ்ப்படிகளைப் படிச்சா அப்படியே நம்ம இழைதான்: ரெண்டாவது படியில அசையாம உக்காந்திருக்கிற, படுத்திருக்கிற சில பேருக்கு மட்டும் தெரியும், அதுவும் மேல்மாடில. மூணாவது படியில வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும், ஆனா நிறைய பேர் இதை நில அதிர்வுன்னே நினைக்க மாட்டாங்க, லாரி போன மாதிரி இருக்கும், நிறுத்தின கார் லேசா அசையலாம். "இதுன்னே நினைக்க மாட்டாங்க"ங்கறதே அந்த படியோட அடையாளமா எழுதி வச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

தரை ஆடுற வேகமாற்றம் புவியீர்ப்புல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு வந்தாத்தான் மனுஷனுக்கு உறைக்க ஆரம்பிக்கும். நடந்துட்டு இருந்தா, வண்டி ஓட்டிட்டு இருந்தா நம்ம உடம்போட சொந்த ஆட்டமே அதை விட பல மடங்கு, அதனால காணாமப் போயிரும். ஆழ்ந்த தூக்கத்துலயும் அப்படித்தான். ஒருத்தர் அரைத்தூக்கத்துல இருந்திருக்கீங்க (பேரும் பொருத்தம்), இன்னொருத்தர் அடிமட்டத்துல.

சிவில்காரன்:
மேல சொன்னதோட மாடிக்கணக்கையும் சேத்துக்கணும். மேல போகப் போக ஜாஸ்தி ஆடும்னு எல்லாரும் மொத்தமா சொல்லிடறாங்க, எப்பவும் அப்படி இல்ல. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதுக்குனு ஒரு ஆட்ட நேரம் உண்டு, ஒரு மாடிக்கு 0.1 செகண்ட்னு தோராயமா வச்சுக்கலாம், ரெண்டு மாடி வீடு 0.2 செகண்ட்ல ஒரு தரம் போய் வரும், இருபது மாடி ரெண்டு செகண்ட் எடுக்கும். பக்கத்துல நடக்கிற சின்ன அதிர்வுல இருக்கிறதெல்லாம் வேகமான படபடப்பு, அது சின்ன வீட்டைத்தான் பிடிச்சு உலுக்கும், இருபதாவது மாடிக்காரர் டீ குடிச்சுட்டே இருப்பாரு. ரொம்ப தூரத்துல பெருசா ஒண்ணு வந்தா தலைகீழ், வேகமான படபடப்பு எல்லாம் வழியிலயே கரைஞ்சுடும், மெதுவான நீள ஆட்டம்தான் வந்து சேரும், அது உயரக் கட்டடத்தை ஊஞ்சலாட்டும், தரையில நிக்கிறவனுக்கு எதுவும் தெரியாது. 2012 ஏப்ரல் 11 சுமத்ரா 8.6 ஞாபகம் இருக்கா, சென்னை, கொல்கத்தா வரைக்கும் ஆபீஸ் மாடியிலேர்ந்து ஜனங்க தலைசுத்துதுன்னு இறங்கி வந்தாங்க, கீழ ரோட்டுல நின்னவங்க என்ன ஆச்சுன்னு அவங்களை வேடிக்கை பாத்தாங்க.

தலைசுத்தலா ஆட்டமான்னு சந்தேகம் வந்தா, தொங்குற விளக்கையோ பாட்டில்ல இருக்கிற தண்ணியையோ பாருங்க. தண்ணி சும்மா இருந்தா நீங்கதான் ஆடுறீங்க.

குறுக்குக்கேள்வி:
எல்லாம் சரி ஆனா ஒண்ணு கேக்கறேன், இந்த இழையைப் படிச்சுட்டு "ஆமா எனக்கும் ஆடுச்சு"ன்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு நிஜமா ஆடியிருக்குமா? நியூஸ் வந்தப்புறம் எல்லாருக்கும் ஞாபகம் வருது. போன தடவ எங்க குரூப்ல ஒருத்தர் ஊர்லயே இல்ல, அவரும் "லைட்டா ஃபீல் பண்ணேன்"னாரு.

பாறைப்பித்தன்:
நியாயமான கேள்வி. ஆனா ஒரு ஆளோட பேச்சை யாரும் தனியா நம்புறதில்ல. அமெரிக்க புவியியல் ஆய்வு மையம் 1999லேர்ந்தே "உங்களுக்கு தெரிஞ்சுதா"ன்னு கேட்டு இணையத்துல ஒரு படிவம் வச்சிருக்காங்க. அதுல "பயந்தீங்களா"ன்னு மட்டும் கேக்க மாட்டாங்க, சாமான் உருண்டுச்சா, படம் கோணிச்சா, நின்னுட்டு இருந்தீங்களா படுத்திருந்தீங்களா, மத்தவங்களுக்கு தெரிஞ்சுதான்னு துருவித் துருவி கேட்டு அதை மெர்காலி படியா மாத்துவாங்க. ஒரே ஏரியாவுலேர்ந்து வர்றதையெல்லாம் சேத்து சராசரி போட்டா அளந்து பாக்குற கருவியோட நல்லாவே ஒத்துப்போகுது. "தெரியல"ன்னு எழுதறதும் அவங்களுக்கு தேவையான தகவல்தான், அதை யாரும் எழுத மாட்டேங்கறதுதான் பிரச்சனை, எதுவுமே நடக்காதவன் எதுக்கு படிவம் தேடிப் போவான்?

ஐரோப்பாவுல இருக்கிற நிலநடுக்க மையம் இன்னும் ஒரு படி மேல. சின்ன ஆட்டம் வந்தா ஜனங்க முதல்ல செய்யறது போனை எடுத்து "இப்ப ஆடுச்சா"ன்னு தேடறது. அவங்க வெப்சைட்டுக்கு ஒரு ஊர்லேர்ந்து திடீர்னு கூட்டம் குமிஞ்சா அங்க ஏதோ ஆடியிருக்குன்னு கணக்கு, சில சமயம் கருவிகளோட தகவல் வர்றதுக்கு முன்னாடியே இது காட்டிக்குடுத்துடும். அரைத்தூக்கம் ராத்திரி ரெண்டு மணிக்கு தேடினீங்களே, அதுவும் ஒரு வகையில கருவிதான்.

சும்மாஎட்டிப்பார்:
ஜனங்களே நில அதிர்வு உண்டாக்கின கதையும் உண்டு. 2011 ஜனவரில அமெரிக்காவுல சியாட்டில்ல ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச், ஒருத்தர் ஓடிப்போய் டச்டவுன் (நம்ம கோல் மாதிரி) போட்டதுக்கு ஸ்டேடியமே குதிச்சுச்சு, பக்கத்துல இருந்த நில அதிர்வு கருவில பதிவாயிருச்சு. இழைக்கு சம்பந்தம் இல்லன்னா மன்னிச்சுருங்க, போறேன்.

கிழக்குவாசல்:
நான் ஜப்பான்ல வேலை பாக்கறேன், இங்க இந்த இழையே ஓடாது. இங்க சொல்றது ரிக்டர் இல்ல, ஷிந்தோன்னு ஆட்ட அளவு, 0லேர்ந்து 7 வரைக்கும், 5ஐயும் 6ஐயும் ரெண்டா பிரிச்சு மொத்தம் பத்து படி. உள்ளூர்ல 1ன்னு வந்தாக்கூட கொஞ்ச நேரத்துல விவரம் வெளியாயிரும், ஷிந்தோ 1னா வீட்டுக்குள்ள அமைதியா இருக்கிற சில பேருக்கு மட்டும் தெரியற அளவு. மீட்டிங் நடுவுல ஆடும், பேசறவர் நிறுத்துவார், எல்லாரும் மேல தொங்குற விளக்கைப் பாப்பாங்க, நின்னதும் விட்ட வார்த்தையிலேர்ந்து பேச்சு தொடரும். முதல் தடவ நான் மட்டும் டேபிளுக்கு அடியில இருந்தேன், யாரும் சிரிக்கல, சொல்லப்போனா சரியான வேலைதான் செஞ்சேன்னாங்க.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. 2011 மார்ச் பெருசுக்கு அப்புறம் பின்னதிர்வு ஓயாம வந்துட்டே இருந்ததால, எதுவும் ஆடாதப்பவும் ஆடுற மாதிரியே நிறைய பேருக்கு தோணிட்டே இருந்துச்சு, கப்பல்ல போய்ட்டு வந்தவங்களுக்கு வர்ற மாதிரி குமட்டல் வேற. மெல்லிசை சொன்ன மாதிரி பிபின்னு நினைச்சு டாக்டர்கிட்ட போனவங்களும் உண்டு.

மெல்லிசை77:
அய்யோ அது எனக்கு நடக்குது! ஒரு தடவ ஆடினதுக்கப்புறம் சோபால உக்காந்தா முதுகு வழியா டிக் டிக்னு ஆடுற மாதிரியே இருக்கு.

சிவில்காரன்:
முதுகு சாஞ்சு அசையாம உக்காந்தா சொந்த இதயத்துடிப்பே உடம்பை லேசா ஆட்டும்க்கா. எப்பவும் ஆட்டிட்டுதான் இருக்கு, இப்பதான் கவனிக்க ஆரம்பிச்சிருக்கீங்க. மணிக்கட்டுல நாடி பிடிச்சுப் பாருங்க, அதே தாளத்துல ஆடுச்சுன்னா உங்களோடதுதான்.

அரைத்தூக்கம்:
சத்தம் பத்தி யாரும் சொல்லலயே? பக்கத்து தெருவுல ஒரு அக்கா ஆட்டமே தெரியல, ஆனா தூரத்துல வெடி வச்ச மாதிரி "டொம்"னு கேட்டுச்சுங்கறாங்க.

பாறைப்பித்தன்:
கேக்கும். ஆழம் கம்மியா பக்கத்துல நடந்தா பி அலையோட வேகமான பகுதி தரையிலேர்ந்து காத்துக்கு ஏறும்போது நம்ம காதுக்கு எட்டற அளவுல இருக்கும். தூரம் போகப் போக அந்த வேகமான பகுதியைத்தான் பாறை முதல்ல தின்னுடும், அதனால தூரத்துக்காரனுக்கு சத்தம் கிடைக்காது. 2025 பிப்ரவரி 17 விடிகாலை டெல்லில வந்தது 4.0தான், ஆனா ஆழம் அஞ்சே கிலோமீட்டர், ஆட்டத்தை விட சத்தத்தைப் பத்திதான் ஊரே பேசுச்சு. அதே 4.0 நூறு கிலோமீட்டர் ஆழத்துல நடந்திருந்தா டெல்லி தூங்கிட்டே இருந்திருக்கும். நாய் முன்கூட்டியே குரைச்சுதும்பாங்களே, அதுல பாதி, நமக்கு உறைக்காத பி அலையை அது பிடிச்சுடறதுதான், மீதி பாதி சும்மா குரைச்ச நாளையெல்லாம் நாம மறந்துடறது.

குறுக்குக்கேள்வி:
சரி மெயின் விஷயத்துக்கு வாங்க. பிரஷர் ரிலீஸா ட்ரெய்லரா? எனக்குத் தெரிஞ்சு சின்னச் சின்னதா வந்தா நல்லதுதான்னு பள்ளிக்கூடத்துலேர்ந்தே கேட்டு வளர்ந்திருக்கோம்.

பாறைப்பித்தன்:
இதை மட்டும் தயவு செஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்கன்னு எல்லார் கைகால்லயும் விழுறேன். கணக்கே உதைக்குது. ஒரு எண் கூடினா சக்தி சுமார் 32 மடங்கு. 3 அளவுல ஒண்ணு வெளியேத்தறதை 4க்கு கொண்டு போகணும்னா 32 தேவை, 5க்கு ஆயிரம், 6க்கு 32,000, 7க்கு பத்து லட்சம். 3 அளவு அதிர்வுகள் உலகம் பூரா சேத்தே வருஷத்துக்கு ஒரு லட்சத்து சொச்சம்தான், இதுல உங்க ஊர்ல வந்த ஒண்ணு எந்த பிரஷரைக் குறைச்சிருக்கும்?

இந்த "ரிலீஸ் ஆயிருச்சு" பேச்சு நிஜமா எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னா இத்தாலி, லாக்விலா. 2009 ஆரம்பத்துலேர்ந்தே அங்க மாசக்கணக்கா சின்னச் சின்ன ஆட்டம், ஜனங்க அரண்டு போயிருந்தாங்க, போதாக்குறைக்கு தரையிலேர்ந்து கசியற ரேடான் வாயுவை அளந்து பெருசு வரப்போகுதுன்னு ஒருத்தர் சொல்லிட்டு இருந்தார். மார்ச் 31 நிபுணர்கள் கூடிப் பேசினாங்க. அந்த சமயத்துல பேரிடர் துறை அதிகாரி ஒருத்தர் டிவில, இது தொடர்ந்து சக்தி வெளியேறிட்டு இருக்கு, நல்ல அறிகுறின்னு சொல்லிட்டார். அந்த ஊர்ல காலங்காலமா ஒரு பழக்கம், நல்லா ஆடுச்சுன்னா அன்னிக்கு ராத்திரி வெளியில போய் திறந்த இடத்துல படுப்பாங்க. ஏப்ரல் 5 ராத்திரி பெருசுக்கு முன்னாடி ரெண்டு தடவ ஆடியும் சில குடும்பங்க அந்தப் பேச்சை நம்பி உள்ளயே இருந்துட்டாங்க. விடிகாலை மூணரை மணிக்கு 6.3. செத்தவங்க 309 பேர். கேஸ் ஆகி 2012ல ஏழு பேருக்கு ஆறு வருஷம் தண்டனை, 2014 அப்பீல்ல விஞ்ஞானிங்க ஆறு பேரும் விடுதலை, டிவில பேசின அதிகாரிக்கு மட்டும் ரெண்டு வருஷமா குறைச்சாங்க. நிலநடுக்கத்தை முன்கூட்டி சொல்லாததுக்கு தண்டனைன்னு உலகம் பூரா தப்பா எழுதினாங்க. அங்க வழக்கே ஜனங்களை சமாதானப்படுத்தின விதத்தைப் பத்தினது.

குறுக்குக்கேள்வி:
அப்ப ட்ரெய்லர் கட்சிதான் ஜெயிச்சுச்சா? ஒவ்வொரு 3.1க்கும் பாயைத் தூக்கிட்டு மைதானத்துக்குப் போகணுமா?

பாறைப்பித்தன்:
அதுவும் இல்ல. கலிஃபோர்னியா மாதிரி நிறைய ஆடுற இடத்து பதிவுகளை வச்சு சொல்றது, ஒரு அதிர்வுக்குப் பின்னாடி சில நாள்ல அதை விட பெருசு வர்ற வாய்ப்பு இருபதுல ஒண்ணு மாதிரி. "அதை விட பெருசு"ன்னா 3.1க்குப் பின்னாடி 3.3 வந்தாலும் கணக்குல சேரும், பேரழிவுன்னு அர்த்தம் இல்ல. மீதி பத்தொம்போது தடவை அப்படியே அடங்கிடும். ஆனா எது எதுன்னு அந்த நிமிஷத்துல எந்த கருவியும் பிரிச்சு சொல்லாது, முன்னதிர்வுங்கற பட்டமே பெருசு வந்தப்புறம் குடுக்கிறது. அதனால வர்ற ஒரு வாரத்துக்கு கட்டிலுக்கு மேல மாட்டியிருக்கிற கனமான படத்தை எடுத்துடுங்க, பீரோவை சுவத்தோட இறுக்குங்க, செருப்பும் டார்ச்சும் கைக்கெட்டற தூரத்துல வையுங்க. வீடே பழசு, சுவர் ஏற்கனவே விட்டுப்போயிருக்குன்னா மட்டும் சிவில்காரன் மாதிரி ஆளைக் கூப்பிட்டு காட்டுங்க.

சிவில்காரன்:
ஆடும்போது படிக்கட்டுல ஓடாதீங்க, அதையும் சேத்துக்கறேன். சின்ன ஆட்டத்துல அடிபடறவங்கள்ல நிறைய பேர் ஓடி விழுந்தவங்கதான். மேஜைக்கு அடியில பூந்து தலையை மூடி மேஜைக்காலைப் பிடிச்சுக்கோங்க, நின்னதுக்கப்புறம் வெளிய வாங்க. கதவு நிலைக்கு அடியில நிக்கிறதெல்லாம் பழைய மண்சுவர் வீட்டுக் காலத்து யோசனை.

நிலத்தடிநீர்:
ஒரு வேற கோணம். ஆட்டம் அதே அளவு இருந்தாலும் யார் மேல பழி போடலாம்னு தெரிஞ்சா ஜனங்க ரியாக்ஷனே மாறிடுது. நெதர்லாந்து குரோனிங்கன்ல பூமிக்கடியிலேர்ந்து எரிவாயு எடுத்து எடுத்து தரை இறங்கி ஆட ஆரம்பிச்சுது, 2012 ஆகஸ்ட் 16ல வந்த பெருசே 3.6தான். ஆனா ஆழம் மூணு கிலோமீட்டர், மேல மெத்து மண்ணு, செங்கல் வீடெல்லாம் விரிசல். 3.6ஐ மத்த ஊர்ல ஒரு நாள் பேசிட்டு மறந்திருப்பாங்க, இவங்க வருஷக்கணக்கா போராடி அந்த எரிவாயு வயலையே மூட வச்சாங்க, 2024ல சட்டமாவே முடிஞ்சுது. சுவிட்சர்லாந்து பாசெல்ல 2006 டிசம்பர்ல பூமிச்சூட்டுல கரண்ட் எடுக்க தண்ணியை உள்ள செலுத்தினாங்க, 3.4 ஆடுச்சு, திட்டமே நின்னு போச்சு. இயற்கையா வந்தா விதி, கம்பெனி பண்ணா நஷ்டஈடு. ஜனங்களைக் குறை சொல்லல, அவங்க பக்கம்தான் நியாயம், ஏன்னா நிறுத்தினா நாளடைவுல குறையும்னு தெரியும்போது எதுக்கு பொறுத்துக்கணும்?

கிழக்குவாசல்:
இன்னொண்ணும் இருக்கு, ஒரு தடவ வந்துட்டுப் போறது ஒரு ரகம், தினம் வர்றது வேற ரகம். மகாராஷ்டிரால பால்கர் பக்கம் 2018 நவம்பர்லேர்ந்து தொடர்ச்சியா ஆடினப்ப ஜனங்க குளிர்ல டெண்ட் போட்டு வெளியில படுத்தாங்களே. தனித்தனியா பாத்தா பெரும்பாலும் சின்னதுதான். அடுத்தது எப்பன்னு காத்துட்டு படுக்கறதுதான் மனுஷனை அரிச்சுடுது.

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் நன்றி, பீரோவுக்கு ஆணி அடிக்க ஆள் சொல்லியாச்சு. ஒரே ஒரு கடைசி சந்தேகம், முதல்ல 3.4ன்னு போட்டாங்க, இப்ப பாத்தா 3.1ன்னு மாத்தியிருக்காங்க, வேற ஒரு ஆப்ல 2.9ங்கறான். ஆழம் மட்டும் எல்லாத்துலயும் 10 கிலோமீட்டர். வேணும்னே குறைச்சுக் காட்டறாங்கன்னு குரூப்ல சண்டை.

பாறைப்பித்தன்:
சண்டையை நிறுத்தச் சொல்லுங்க. முதல்ல வர்றது கம்ப்யூட்டர் தானா கணக்குப் போட்டு கையில கிடைச்ச நாலஞ்சு நிலையங்களை வச்சு தர்றது. அப்புறம் ஆள் ஒருத்தர் உக்காந்து அலை எங்க ஆரம்பிக்குதுன்னு ஒவ்வொரு பதிவுலயும் பாத்து திருத்துவார், மத்த நிலையங்களும் சேரும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நிலையம் வேற, அளவு கணக்கிடற முறையும் வேற, 0.2, 0.3 வித்தியாசம் சர்வசாதாரணம். அந்த 10 கிலோமீட்டர்தான் வேடிக்கை: ஆழத்தைக் கணிக்கிற அளவுக்கு தகவல் இல்லன்னா வழக்கமா 10ன்னு நிறுத்தி வச்சுட்டு மத்ததைக் கணக்குப் போடுவாங்க. அதனால ஆழம் சரியா 10ன்னு பாத்தீங்கன்னா அதை அளந்த நம்பரா எடுத்துக்காதீங்க, பக்கத்துல பிழை அளவு ஏதாவது போட்டிருக்கான்னு ஒரு தடவ பாருங்க. அப்புறம் அந்தப் படிவத்தை நிரப்பிடுங்க, வீட்டுக்காரர் பேர்ல "தூங்கிட்டு இருந்தேன், தெரியல"ன்னு தனியா ஒண்ணு.